வாசலில் மாட்டிய முகம்

பார்க் எக்ஸ்டென்ஷன்
9 செப்டெம்பர் 2024

தம்பி தனுஜனுக்கு,

நலம் கேட்டுத் தொடங்க எனக்கு இன்று மனமில்லை. இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். உன் ஃபோன் பாதி நேரம் வினோஜாவிடமும் மீதி நேரம் அஜிதாவிடமும் இருக்கிறது. உன் மனைவி படித்தால் பரவாயில்லை. ஆறு வயது மகள் படிக்கக்கூடாது. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பாய். ஆனால் அந்த ஃபோன் பிரெஞ்சில் வாசித்துக் காட்டிவிடும்.

நேற்று உன் வீடு குடிபூரலில் நான் சாப்பிடாமல், உன்னிடமும் சொல்லாமல் கிளம்பியதற்கு இரவு முழுக்க விளக்கம் கேட்டிருந்தாய். விளக்கம் உன் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது. முன்கதவைத் திறந்தால் எதிரே, கண்ணூறு படாமல் இருக்க மற்றவர்கள் அரக்கன் முகம் மாட்டுகிற இடத்தில், நீ ஒரு பச்சைக் கல் முகத்தை மாட்டியிருக்கிறாய். எண்ணெய் பூசி, மல்லிகை மாலை போட்டு, கீழே தேசிக்காயும் வைத்திருக்கிறாய். வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். நான் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, ஏனென்றால் மியூசியத்தில் அதுதான் என் வேலை. மெக்சிக்கோவில் ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு இருந்த நகரங்களில் செய்த முகம். செத்தவரைத் துணியில் சுற்றி மூட்டையாகக் கட்டி, முகம் இருக்கவேண்டிய இடத்தில் இப்படி ஒன்றை வைத்துக் கட்டுவார்கள் என்று சொல்கிறார்கள். அழுகிப்போகிற முகத்துக்குப் பதிலாக அழுகாத ஒரு முகம். காதோரம் நீ கம்பி கோத்திருக்கிறாயே, அந்தத் துளைகள் அதற்காகத் துளைத்தவை.

அதையும் பொறுத்திருப்பேன். பின்பக்கக் குழியில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. அம்மா விரலை உள்ளே விட்டுத் தடவி, குங்குமம் என்று அஜிதாவின் நெற்றியில் பொட்டு வைத்தார். பிணத்தின் மேல் தூவுகிற சிவப்பு அது. சித்த வைத்தியர்கள் சாதிலிங்கம் என்பார்களே, அதுதான் என்று என் கண்ணுக்குப் படுகிறது. அதில் பாதரசம் இருக்கிறது. பிள்ளையை இழுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடி, துவாயை நனைத்து நெற்றியைத் தேய்த்தேன். அவள் கத்தினாள், எல்லோரும் ஓடி வந்தார்கள். வினோஜாவின் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

காணாமல்போன பெரியண்ணை உயிரோடு இருக்கிறார், வருவார் என்று சொல்லி, அவருடைய படத்துக்கு ஒரு மாலை போட அம்மா பதினைந்து வருடமாக விடவில்லை. அந்த வீட்டில் யாரோ ஒரு பிணத்தின் முகத்துக்கு மாலை. தம்பி, அதை உடனே கழற்று. வெறும் கையால் தொடாதே, அம்மாவைத் தொட விடாதே. ஒரு பெட்டியில் வை, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா
துஷாந்தினி


கர்க்லாண்ட்
17 செப்டெம்பர் 2024

கையுறை போட்ட அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை. என் ஃபோனை நீங்கள் தடுத்து வைத்திருப்பதால் நானும் காகிதம் தேடிப் பிடித்திருக்கிறேன். முத்திரை வாங்க வினோஜாவிடம் காரணம் சொல்லவேண்டியதாகிவிட்டது.

நீங்கள் போன பிறகு என்ன நடந்தது தெரியுமா? யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாமி ஒரு மூலையில் இருந்துகொண்டு, "நல்ல நாளிலே பெண்பிள்ளையின்ர பொட்டை அழிச்சுப்போட்டுப் போறாவே" என்று ஆள்மாற்றி ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வினோஜா அழுதாள். நான் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்த வீடு கட்டிக் குடிபோன நாள் அது. உங்களுக்கு நாற்றம் பிடித்தது என் வாசலில்தானா?

முகம் எங்கே கிடைத்தது என்று கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். செத்தவர்களின் வீடுகளைக் காலிசெய்து, சாமானை என் களஞ்சியத்தில் வைப்பதுதான் என் தொழில், உங்களுக்குத் தெரியாததல்ல. மலைப்பக்கம் ஒரு பெரிய வீடு. கிழவர் போய்விட்டார். அவருடைய மகள் கத்தரின் வந்து நின்று, வேண்டியதை எடு, மிச்சத்தைக் குப்பைக்கு அனுப்பு என்றாள். அவருடைய எழுதும் மேசையில் இந்த முகம் மல்லாந்து கிடந்தது. சுருட்டுக் குடிக்கிற மனுஷன் போல. கண் இரண்டிலும் சாம்பல், வாய் நிறையச் சுருட்டுத் துண்டுகள். ஒன்றில் எச்சில் கூடக் காயாதது போல இருந்தது. அதை அப்படியே குப்பைப் பைக்குள் போட மனம் வரவில்லை. கொண்டுவந்து பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் போட்டு, தேசிக்காய் தேய்த்து, பிறகு தேங்காயெண்ணெய் பூசினேன். பாசிப்பச்சையாக என்ன அழகாக வந்தது. சிவப்பு மட்டும் போகவில்லை. அம்மா பார்த்துவிட்டு, இது ஏதோ ஊர் அம்மன், குங்குமம் கல்லோடு ஊறிவிட்டது என்றார். நான் கண்ணூறுக்கு ஆகும் என்று மாட்டினேன். இதில் என்ன குற்றம்?

இன்னொன்றும் கேட்கவேண்டும். உங்களுடைய மியூசியத்தில் இப்படி ஒன்றும் இல்லையா? அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் கலை, என் சுவரில் இருந்தால் பிணமா? சம்பளத்துக்குத் தொடுகிறவர்கள் பக்திக்குத் தொடுகிறவர்களைப் பார்த்து மூக்கைப் பொத்தக்கூடாது.

முகம் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். அம்மா அதை எடுக்க விடமாட்டார்.

தம்பி
தனுஜன்


பார்க் எக்ஸ்டென்ஷன்
26 செப்டெம்பர் 2024

தனுஜன்,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும் வழியில் மெட்ரோவில் வாசித்தேன். வாய்க்குள் சுருட்டுத் துண்டு என்ற இடத்தில் மடித்து வைத்துவிட்டேன். மீதியை வாசிக்க மாலை வரை ஆகிவிட்டது. அந்தக் கிழவரை எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒருத்தருடைய சாவுக்கென்று செய்த முகத்தில் சாம்பல் தட்டிக்கொண்டு உட்கார்ந்து கடிதம் எழுதியிருக்கிறார். பார்க்க வந்தவர்களும் அதில் தட்டியிருப்பார்கள்.

அடுத்து நீ. சவர்க்காரமும் தேசிக்காயும்! எங்கள் வேலைத்தலத்தில் யாராவது அப்படிச் செய்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எண்ணெய் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி நிற்கும். வாய்க்குழிக்குள் இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும். குப்பையிலிருந்து காப்பாற்றினேன் என்கிறாய். காப்பாற்றினாய், மறுக்கவில்லை. ஆனால் காப்பாற்றிய கையோடு அதற்கு உன் வீட்டு வேலை ஒன்றையும் கொடுத்துவிட்டாயே.

அஜிதாவின் நெற்றியைத் துடைத்த துவாயை நான் கைப்பைக்குள் வைத்து எடுத்துவந்திருந்தேன். அந்தச் சிவப்பைச் சோதித்துப் பார்த்தாயிற்று. நான் சொன்னதுதான். கொஞ்சம் தோலில் பட்டதற்காகப் பயப்படவேண்டாம். ஆனால் தினமும் விரலை விட்டால் நல்லதல்ல. பிள்ளையை ஒருமுறை வைத்தியரிடம் காட்டு, அம்மாவையும் காட்டு. வினோஜாவிடம் என் சார்பில் இதையாவது சொல்.

மியூசியத்தைப் பற்றிக் கேட்டாய். கோபம் வந்தது, ஏனென்றால் கேட்டது சரி. எங்களிடமும் ஒன்று இருக்கிறது. பார்வைக்கு வைக்கவில்லை, கீழே இழுப்பறையில் நுரைமெத்தைக்குள் படுத்திருக்கிறது. உன் கடிதத்துக்குப் பிறகு போய் அந்த இழுப்பறையைத் திறந்தேன். உள்பக்கத்தில் கறுப்பு மையால் ஒரு இலக்கம் எழுதியிருக்கிறது. எந்தக் குழியில் இருந்தது, யாருடையது, ஒன்றும் இல்லை. ஒரு குடும்பம் அன்பளிப்பாகக் கொடுத்தது என்று மட்டும்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட முகங்களில் பெரும்பாலானவை அப்படித்தான். முறையாகத் தோண்டி எடுத்தவை மிகவும் குறைவு. அதனால் இன்னாருடைய முகத்தில் இருந்தது என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. உன் முகத்தின் சிவப்பைப் பார்த்த பிறகு, இது ஒரு சாவுக்குள் இருந்தது என்று மட்டும் சொல்வேன்.

முறையாகத் தோண்டாதவர்கள் எப்படி எடுத்தார்கள் என்று உனக்குத் தெரியவேண்டும். அலவாங்குக் கம்பியால் குத்தி, குழிக்குள் இறங்கி, மூட்டையைக் கிழித்து, விலைபோகிற கல்லை எடுத்துக்கொண்டு எலும்பைக் காலால் தள்ளிவிட்டுப் போவார்கள். எலும்பை யாரும் வாங்கமாட்டார்கள். இழுப்பறைக்கு முன்னால் நிற்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வருடமாக அந்த அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டிருக்கிறேன். அன்று சாப்பிடவில்லை.

இங்கே இருக்கிற மெக்சிக்கோ அரசு அலுவலகத்தில் கேட்டுவிட்டேன். நாங்களாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் மரியாதையாக வாங்கி ஊருக்கு அனுப்புவார்கள். கேள்வி கேட்டு உன்னைக் குடைய மாட்டார்கள். உன்னால் அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் நானே வந்து சொல்கிறேன். அது அம்மன் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அக்கா


கர்க்லாண்ட்
4 ஒக்டோபர் 2024

அக்கா,

வரவேண்டாம். முதலில் இதை வாசியுங்கள். வினோஜாவுக்கும் இது முழுக்கத் தெரியாது.

வைத்தியரிடம் இரண்டு பேரையும் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை என்றார். பின்பக்கக் குழியை ஒரு துணியால் அடைத்து ஒட்டிவிட்டேன். இனி யாருடைய விரலும் போகாது. இந்த விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. மாமியிடமும் சொன்னேன், அவர் நம்பவில்லை, அது வேறு கதை.

அம்மன் என்று அம்மா சொன்னதாக எழுதினேன் இல்லையா? அது பொய். அம்மா அப்படிச் சொல்லவில்லை. வந்தவர்களுக்கு நான் சொன்ன கதை அது. உங்களுக்கும் அதையே எழுதிவிட்டேன்.

முகத்தைக் கழுவி மேசையில் வைத்த அன்று அம்மா வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மூக்கையும் மேலுதட்டையும் தடவினார். பிறகு, "உனக்குத் தெரியேல்லையே?" என்று என்னைக் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துச் சமையலறையில் அம்மா யாரோடோ கதைத்துக்கொண்டிருப்பது கேட்டது. போய்ப் பார்த்தால், முகத்துக்கு முன்னால் தேத்தண்ணீர்க் கோப்பை. பெரியண்ணையின் பெயரைச் சொல்லி, "ஆறப்போகுது, குடி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வந்ததைக் கண்டதும் கோப்பையை எடுத்துத் தானே குடித்துவிட்டார்.

அதன் பிறகுதான் வாசலில் மாட்டினேன். சமையலறையில் இருந்தால் வினோஜா கண்டுபிடிப்பாள் என்று பயம். கண்ணூறு என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். மாலையும் நான் போடவில்லை, அம்மாதான் போட்டார். சாமிக்குப் போடுகிற மாதிரிப் போட்டார், செத்தவருக்குப் போடுகிற மாதிரி இல்லை.

அக்கா, அருவருப்பு உங்களுக்கு மட்டும் இல்லை. விடிய வேலைக்குப் போகும்போது அம்மா அதற்கு முன்னால் நின்று ஏதோ சொல்லிச் சிரிப்பதைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. ஒரு நாள் அதன் உதட்டில் தேத்தண்ணீர் காய்ந்து ஈ மொய்த்திருந்தது. நான்தான் துடைத்தேன். துடைத்துவிட்டுக் கையை மூன்று தரம் கழுவினேன். ஆனால் அம்மா இப்போது நித்திரை கொள்கிறார். எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று உங்களுக்குத் தெரியும்.

இது செத்தவருடைய முகம் என்று நீங்கள் வந்து சொன்னால் அம்மாவுக்கு என்ன கேட்கும்? பெரியண்ணை செத்துவிட்டார் என்றுதான் கேட்கும். வன்னியில் காணாமல்போனதிலிருந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. அப்பா சாகும்போது கூடச் சொல்லவில்லை. உங்களுக்கு வந்துவிட்டதா?

ஒரு வழி யோசித்திருக்கிறேன். இதே மாதிரிப் பச்சை முகங்கள் பிளாஸ்டிக்கில் வருகின்றன. ஒன்று எடுத்து மாட்டிவிடுகிறேன். அம்மாவின் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கல்லை நீங்கள் கொண்டுபோய் யாரிடமாவது கொடுங்கள். எல்லோருக்கும் நிம்மதி.

தனுஜன்


பார்க் எக்ஸ்டென்ஷன்
10 ஒக்டோபர் 2024

தம்பி,

உன் கடிதம் வந்து மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். முதல் இரண்டிலும் அம்மாவைத் திட்டியிருந்தேன். பெற்ற தாய் மேல் அருவருப்பு வருமா என்று முன்பு யாராவது கேட்டிருந்தால் அடித்திருப்பேன். இப்போது வந்தது. அந்த உதட்டில் தேத்தண்ணீர், ஈ, அதற்கு முன்னால் ஒரு சிரிப்பு. எழுதவே கை கூசுகிறது. மூன்றாவதில் உன்னைத் திட்டியிருந்தேன், அதைக் கிழித்தது தவறோ என்று இப்போதும் தோன்றுகிறது.

பிளாஸ்டிக் முகம் என்கிறாய். யோசித்துத்தான் எழுதினாயா? அம்மாவுக்குப் பிள்ளையும் இல்லை, பிள்ளையின் உடம்பும் இல்லை. யாரோ ஒருவருடைய முகத்தை வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறார். இப்போது அந்த யாரோ ஒருவரும் இல்லாமல், அச்சில் ஊற்றிய ஒன்றைக் கொடுத்து ஏமாற்றப் போகிறோம். அதற்கும் அம்மா தேத்தண்ணீர் வைப்பார், நீ கதவுப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாய். அதைவிடச் சுருட்டுக் கிழவர் நேர்மையான ஆள். அது ஒரு முகம் என்று அவர் நினைக்கவே இல்லை.

எனக்குத் துணிவு வந்துவிட்டதா என்று கேட்டாய். வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. அம்மா நித்திரை கொள்கிறார் என்று நீ எழுதிய வரியை மறைத்துவிட்டுத்தான் மிச்சத்தை வாசிக்கிறேன். அந்த வரி எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் எப்போதோ வந்திருப்பேன்.

ஆனால் ஒன்று நினைத்துப் பார். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, இன்னொரு குழியிலிருந்து திருடியதைக் கொடுத்துத் தூங்கவைக்கிறோம். நானும் நீயும் அதற்குக் காவல். இது எவ்வளவு நாளைக்கு? இதை நினைக்கும்போது எனக்கு அந்தக் கல்மேல் அருவருப்பு இல்லை, நம் இரண்டு பேர் மேலும்தான்.

ஞாயிறு பகல் வருகிறேன். வினோஜாவையும் அஜிதாவையும் மாமி வீட்டுக்கு அனுப்பிவிடு. பெரியண்ணையைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன், அந்தக் கல்லைப் பற்றி மட்டும் சொல்வேன். அது என்ன, எங்கே இருந்தது, எப்படி எடுத்தார்கள் என்று மட்டும். மீதி அம்மாவின் பாடு. நீ பக்கத்தில் இரு. இடையில் புகுந்து அம்மன் கதை சொல்லாதே.

அக்கா


கர்க்லாண்ட்
21 ஒக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் ஞாயிறு நீங்கள் பஸ்ஸுக்குப் போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஃபோனில் சொல்லலாம்தான். நேற்று நீங்கள் தடையை எடுத்துவிட்டதையும் கண்டேன். ஆனால் சொல்லும்போது குரல் மாறிவிடும் என்று எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை, உங்களுக்கே தெரியும். நீங்கள் தேத்தண்ணீர் குடிக்காமல் எழும்பியபோதும் இரு என்று சொல்லவில்லை. எனக்கு உங்கள் மேல் பெரிய ஆத்திரம் வந்தது, அதை மறைக்கவில்லை. வாசலில் வைத்து நான் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பிறகு அம்மா கதிரையிலேயே இருந்தார். விளக்கு வைக்கிற நேரம் வரை இருந்தார். திடீரென்று, எலும்பை என்ன செய்தார்கள் என்று கேட்டார். நீங்கள் சொன்னதையே நானும் சொன்னேன், தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள் என்று. மண்ணாவது மூடினார்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். அது ஆணா பெண்ணா, வயது என்ன என்று கேட்டார். அதுவும் தெரியாது என்றேன். ஒன்றும் தெரியாதா என்று ஒரு மாதிரிப் பார்த்தார். அம்மாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்றால், ஏதோ அழுகிய பொருளை மணந்தவர் போல இருந்தது. முதல் தடவையாக அம்மாவுக்கும் அருவருத்தது, அக்கா. கல்லைப் பார்த்து இல்லை. கிழவரை, திருடினவர்களை, என்னை.

எழும்பிப் போய்ச் சுவருக்கு முன்னால் நின்றார். நான் பின்னால் போய் நின்றேன். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"இது ஆரோ பெத்த பிள்ளை. நான் வச்சிருக்கக்கூடாது, குடுத்துவிடு. என்ர பிள்ளையின்ர முகத்தையும் எவனோ இப்பிடித்தான் எங்கையாவது வச்சிருப்பான்."

பதினைந்து வருடத்தில் அப்படி ஒரு வசனத்தை அம்மா சொன்னதில்லை. சொன்னது தெரிந்து சொன்னாரா, தெரியாமல் வந்துவிட்டதா என்றும் எனக்கு விளங்கவில்லை. அழவில்லை. கம்பியை நான்தான் கழற்றினேன். கழற்றிக் கையில் கொடுத்ததும், அடுத்த அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தன்னுடைய வெள்ளைச் சேலை ஒன்றால் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கட்டித்தான் வெளியே கொண்டுவந்தார். நான் திறந்து பார்க்கவில்லை. சேலையை எடுத்துவிட்டு நீங்கள் விட்டுப்போன நுரைமெத்தையில் வைக்கவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

பெட்டியை வியாழக்கிழமை வேலைக்குப் போகும் வழியில் உங்கள் வேலைத்தலத்து வாசலில் கொண்டுவந்து தருகிறேன்.

அம்மாவுக்கு இரவில் நித்திரை இல்லை. முன்பு மாதிரித்தான் நடக்கிறார். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். நேற்று என்னைக் கூப்பிட்டு உங்களிடம் ஒன்று கேட்டு எழுதச் சொன்னார். அந்த ஊரில் செத்தவர்களுக்கு வாயில் என்ன போடுவார்கள் என்று கேட்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. தெரிந்தால் எழுதுங்கள்.

அன்புடன்
தனுஜன்


பார்க் எக்ஸ்டென்ஷன்
6 நவம்பர் 2024

அன்புள்ள தனுஜனுக்கு,

வாசலில் சொன்னதை விடு, நானும் குறைவாகச் சொல்லவில்லை. அம்மாவின் நித்திரையை நான் பறித்துவிட்டேன் என்று நீ எழுதவில்லை, நான் வாசித்துக்கொண்டேன்.

முகம் நேற்றுப் போய்விட்டது. மெக்சிக்கோ அலுவலகத்தில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு வயதான மனிதர், ஒரு இளம்பெண். எங்கள் மேலாளருக்குச் செய்தி எப்படியோ போய், அவரும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றார். எங்களுக்கும் இந்தக் கல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கீழே எங்கள் இழுப்பறைக்குள் ஒன்று படுத்திருக்கிறது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் முகத்துக்கு ஒரு பக்கம் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தக் காமெராவைப் பிடுங்கியிருப்பேன். இழுப்பறையில் இருக்கிறதைப் பற்றிக் கேட்டு அவருக்கு இன்று காலை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரிக்கமாட்டார்.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்லியிருக்க வேண்டும். சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ பெட்டி தந்த அன்று அதை என் மேசையில் வைத்துத் திறந்தேன். ஒப்படைக்க முன்பு உன் எண்ணெயையாவது கொஞ்சம் எடுக்கலாம் என்று நினைத்தேன். சேலையைப் பிரித்தேன். முகம் மல்லாந்து இருந்தது. வாய்க்குழி நிறைய வெள்ளையாக, குறுணி குறுணியாக ஏதோ அடைந்து கிடந்தது. பூச்சி முட்டை என்று நினைத்தேன். தேத்தண்ணீர்ச் சீனிக்கு எறும்போ புழுவோ ஏறி, எண்ணெய்க்குள் முட்டை இட்டிருக்கிறது என்று நினைத்தேன். கழுவுதொட்டி வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். தூரிகையையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு விளக்கைக் கிட்டக் கொண்டுபோனேன்.

பச்சரிசி.

நாக்கு இருக்கவேண்டிய இடத்தில், உன் தேங்காயெண்ணெயில் ஒட்டிக்கொண்டு, ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. அம்மா அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டது இதற்குத்தான். உன்னைக் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. தனியாக நின்று வாய்க்கரிசி போட்டிருக்கிறார். யாருக்கு என்று நாம் இரண்டு பேரும் அம்மாவிடம் கேட்கக்கூடாது. கேட்கவும் தேவையில்லை.

என் வேலை விதிப்படி அதை ஒவ்வொரு மணியாக எடுத்திருக்க வேண்டும். வெளிப்பொருள் எதுவானாலும் எடுத்துவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். இடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன், பிறகு அதை மேசையில் வைத்துவிட்டேன். எண்ணெயையும் தொடவில்லை. சேலையைத் திரும்பச் சுற்றினேன்.

நேற்று அந்த வயதானவர் சேலையைப் பிரித்துப் பார்த்தார். இது என்ன என்று பிரெஞ்சில் கேட்டார். எங்கள் வீட்டில் சாவு நடந்தால் போடுவது, என் அம்மா போட்டது என்றேன். எடுத்துத் தரவா என்றும் கேட்டேன். அவர் வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, மேலாளர் எட்டிப் பார்ப்பதற்குள் சேலையால் மூடினார். சேலையோடும் அரிசியோடும்தான் போயிருக்கிறது.

அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடு. அந்தப் பக்கத்தில் சில இடங்களில் அரைத்த சோளத்தை வாயில் வைப்பார்களாம், பசியோடு போகக்கூடாது என்று. கூடவே ஒரு பச்சைக் கல் மணியும் வைப்பார்களாம். நம்மிடம் இருந்ததை அம்மா வைத்துவிட்டார், அது போதும் என்று நான் சொன்னதாகச் சொல்.

இன்னொன்று. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள், அம்மா உன்னிடம் திதியைப் பற்றிக் கேட்பார். பெரியண்ணை காணாமல்போன அந்த வைகாசியில் எந்த நாள் என்று நமக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது என்று சொல்லித் தடுமாறி நிற்காதே. நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்வார்கள். இந்த மாதக் கடைசியில் வருகிறது. ஐயரிடம் நான் கதைத்துவிட்டேன். அம்மா கேட்கும் வரை நீ வாய் திறக்காதே, கேட்டவுடன் எனக்குச் சொல், நான் வாறன்.

அக்கா
துஷாந்தினி